குடியாதார்க்கும் வரும் ஈரல் நோய்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யாம் மருத்துவம் பயின்றோமல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதி வருகிறோம். ஆயினும் ஈரலைப் பற்றிப் பேச முற்பட்டதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு உடற்பரிசோதனையில், எமது கல்லீரலில் கொழுப்புப் படிந்திருப்பதாகக் கூறினர். மதுவை நாவாலும் தீண்டியறியோம். எனினும், ஈரல் நோய் என்றால் ஊரார் என்ன நினைப்பரோ என்றஞ்சி, அச்சீட்டை இரண்டு மாதம் வீட்டாருக்கும் காட்டாது பூட்டி வைத்தோம். அந்த நாணம் வீணென்று பின்னரே உணர்ந்தோம்.

குடியாதாரையும் இந்நோய் பற்றி முற்றுவதை, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த லுட்விக் என்பாரும் துணைவரும் 1980-இல் விளக்கி எழுதினர். நம் நாட்டரசும் 2021-இல் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் இதனைச் சேர்த்தது.

நோய் முற்றுவது எவ்வாறு? ஈரலின் உயிரணுக்களில் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் ஏராளமாக உள்ளன. 1898-இல் பெண்டா என்ற ஜெர்மானிய அறிஞர், இழை, மணி எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து அப்பெயரிட்டார்; தமிழிலும் இழைமணி என்பர். கொழுப்பை எரித்து ஆற்றல் தருவது அவற்றின் பணிகளுள் ஒன்று.

சரக்குக் கொட்டகையை எண்ணிப் பாருங்கள். வரும் சரக்கு மிகுந்தால், இறக்கும் ஆட்கள் முதலில் கூடுதலாக உழைத்துச் சமாளிப்பர், பின்னர்ச் சோர்வர், சரக்குத் தேங்கும். அவ்வாறே, உடற்கொழுப்பிலிருந்தும் மிகையான இனிப்பிலிருந்தும் ஈரலில் குவியும் கொழுப்பை, இழைமணிகள் தொடக்கத்தில் மிகுதியாக எரிக்கின்றன. நாளடைவில் பழுதுற்று, உயிரணுவைத் தாக்கும் நச்சுக் கூறுகளை வெளியிடுகின்றன. அதனால் அழற்சி தோன்றும். அது நீடித்தால் ஈரல் தழும்பேறி இறுகும்.

ஆனால் அன்பர்களே, தொடக்கத்தில் கண்டால் இந்நோயைத் திருப்பலாம். பருத்த உடலினர் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைத்தாலே ஈரற் கொழுப்புக் குறையும். 7 முதல் 10 பங்கு குறைத்தால் அழற்சியும் தணியக் கூடும். நடை, இழைமணிகளின் எரிக்கும் திறனை வளர்க்கும். ஆரியசாலையிலிருந்து தம்பானூர் நிலையம் நடந்து செல்லும் தொலைவே. பல்லாண்டு வண்டியேறியே சென்றோம். இப்போது நடக்கிறோம். மாலைப் பலகாரமும் தேநீரில் சர்க்கரையும் விட்டோம்.

நீரிழிவும் தொந்தியும் உடையோர் மருத்துவரிடம் ஈரலையும் சோதித்துக் கொள்ளுங்கள். சீட்டு எதுவாயினும் இல்லத்தாரிடம் காட்டுங்கள். எம் சீட்டைக் கண்டதும் இல்லாள் கேட்டது ஒன்றே: “இதை ஏன் மறைத்தீர்கள்?” அதற்கு விடை கூற எம்மால் இயலவில்லை.