தொழிற்சங்க வேலைத்தலத்தில் வேலைநேர, வேலையிட மாற்றம் கோருதல்

(கனடாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாயும் தந்தையும் வெவ்வேறு நேரங்களில் வேலைக்குச் செல்வது வழமையாகிவிட்டது. ஒருவர் அதிகாலையில் புறப்பட, மற்றவர் நள்ளிரவு கடந்து வீடு திரும்புவார். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதும், முதிய பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் இவ்விரு வேலைநேரங்களுக்கும் இடைப்பட்ட சிறு பொழுதிலேயே நடந்தேறுகின்றன. வேலைத்தலத்தில் நேர அட்டவணை மாற்றப்பட்டதும் இந்த ஒழுங்கு முழுவதும் குலைந்துபோகின்றது. அவ்வேளையில் யாராவது ஒருவர் முழுநேர வேலையை விட்டுப் பகுதிநேர வேலைக்கு இறங்குகின்றார். பெரும்பாலும் அவர் தாயாகவே இருக்கின்றார். அதனால் அவர் இழப்பது அந்த மாதச் சம்பளத்தை மட்டுமன்று; ஓய்வூதியமும், மருத்துவக் காப்புறுதியும், பதவி உயர்வுக்கான வாய்ப்பும் அதனோடு சேர்ந்தே குறைந்துபோகின்றன.

வேலை நேரத்தையோ வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தருமாறு கேட்பதற்குச் சட்டத்தில் வழி உண்டு என்பதும், தொழிற்சங்கம் உள்ள வேலைத்தலத்தில் அதனைக் கேட்பதற்கெனத் தனியான முறை உண்டு என்பதும் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் கேட்கத் தயங்குகின்றனர். இத்தயக்கத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1980 யூலையில் இலங்கையில் இடம்பெற்ற பொது வேலைநிறுத்தத்தில் பங்குபற்றிய பல்லாயிரக்கணக்கான ஊழியர்கள் வேலையை இழந்தனர். சங்கத்தோடு சேர்ந்தால் சோற்றுக்கு வழி இராது என்னும் பாடத்தை அத்தலைமுறையினர் பலர் மனத்தில் பதித்துக்கொண்டே கடல் கடந்தனர். மேற்பார்வையாளரிடம் தனியே சென்று, தலை குனிந்து, தயவு கேட்பதே பாதுகாப்பானது என்று அவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால், கனடாவின் தொழிற்சங்க வேலைத்தலத்தில் அந்த வழியே மிகவும் பலவீனமான வழியாகும்.

அதற்கான காரணத்தை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். சங்கம் உள்ள இடத்தில் வேலைநேரம், மாறுநேர முறை, சேவை மூப்பு, விடுமுறை ஆகியன கூட்டு ஒப்பந்தத்தினால் தீர்மானிக்கப்படுகின்றன. ஊழியர்கள் அனைவர் சார்பிலும் பேசும் அதிகாரம் சங்கத்திற்கே உண்டு. எனவே, மேற்பார்வையாளர் ஒருவர் வாய்மொழியாக வழங்கும் சலுகை கூட்டு ஒப்பந்தத்திற்கு முரணாக இருப்பின் அதற்கு உறுதி எதுவும் இல்லை. அந்த மேற்பார்வையாளர் இடமாற்றம் பெற்றுச் சென்றாலோ, சேவை மூப்புக் கூடிய இன்னொருவர் முறைப்பாடு செய்தாலோ அச்சலுகை ஒரே நாளில் மறைந்துவிடும். எழுத்தில் இல்லாத ஒன்றை நிரூபிக்கவும் இயலாது.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். வங்கி, தொலைத்தொடர்பு, விமானப் போக்குவரத்து, புகையிரதம், மாகாணங்களுக்கு இடையிலான பாரவூர்திச் சேவை போன்ற கூட்டாட்சி அரசின் கட்டுப்பாட்டிலுள்ள துறைகளுக்குக் கனடியத் தொழிற் சட்டக்கோவை பொருந்தும். அச்சட்டக்கோவையின் கீழ் 2019 செப்டெம்பர் 1 முதல், தொடர்ச்சியாக ஆறு மாதங்கள் பணியாற்றிய ஊழியர் ஒருவர் தமது வேலை மணித்தியாலங்களையோ, நேர அட்டவணையையோ, வேலையிடத்தையோ மாற்றித் தருமாறு எழுத்துமூலம் கோரலாம். தொழில்வழங்குநர் 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதிலளிக்க வேண்டும். மறுப்பதாயின், அதற்கான காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். பாதகமான மேலதிகச் செலவு, வேலையின் தரம் அல்லது அளவு பாதிக்கப்படுதல், மற்றைய ஊழியரிடையே வேலையை மீளப் பகிர முடியாமை போன்ற காரணங்களையே அவர் காட்டலாம். கோரிக்கை விடுத்ததற்காக ஊழியரைப் பழிவாங்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விடயம் யாதெனில், கோரப்படும் மாற்றம் கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனை ஒன்றை மாற்றுவதாயின், தொழில்வழங்குநரும் சங்கமும் அதற்கு எழுத்துமூலம் இணங்க வேண்டும். சங்கத்தை விலக்கி வைத்துவிட்டு இக்கோரிக்கையை முடிவுவரை கொண்டுசெல்ல முடியாது என்பதனை இந்த ஏற்பாடு தெளிவுபடுத்துகின்றது.

ஒன்ராறியோ மாகாணத்தின் நிலை வேறு. தொழிற்சாலை, வைத்தியசாலை, முதியோர் பராமரிப்பு இல்லம், பாடசாலைச் சபை, நகரசபை ஆகியன மாகாணச் சட்டத்தின் கீழ் வருவன. தமிழர் பெருமளவில் பணியாற்றுவதும் இவ்விடங்களிலேயே. இவ்வூழியர்களுக்கும் நேரமாற்றம், இடமாற்றம் கோரும் உரிமையை வழங்கும் சட்டம் 2017 இல் நிறைவேற்றப்பட்டது. அவ்வுரிமை 2019 யனவரி 1 முதல் நடைமுறைக்கு வரவிருந்தது. ஆனால் ஆட்சி மாறியது. 2018 நவம்பரில் நிறைவேற்றப்பட்ட வேறொரு சட்டம் அதனை நீக்கிவிட்டது. நடைமுறைக்கு வரும் முன்னரே ஓர் உரிமை பறிபோனது. அதனைப் பற்றித் தமிழர் இல்லங்களில் பேசப்பட்டதுகூட அரிது.

எனினும் ஒன்ராறியோ ஊழியர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒன்று அவர்களது கூட்டு ஒப்பந்தம். மற்றொன்று மனித உரிமைச் சட்டம். ஒன்ராறியோ மனித உரிமைகள் சட்டக்கோவை "குடும்ப நிலை" காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கின்றது. பெற்றோர், பிள்ளை என்னும் உறவையே அச்சட்டம் குடும்ப நிலை என வரையறுக்கின்றது. பிள்ளையைப் பராமரிக்கும் பெற்றோருக்கு மாத்திரமன்றி, முதிய பெற்றோரைப் பராமரிக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தும். மாற்றுத்திறன், மதம் ஆகியவற்றுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அளவுகடந்த இடர் ஏற்படாத எல்லைவரை தொழில்வழங்குநர் இடங்கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

இவ்வுரிமைகள் தாமாக வந்தவை அல்ல என்பதற்கு இரண்டு வழக்குகள் சான்றாகும்.

முதலாவது வழக்கு, ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் எல்லைச் சேவை அதிகாரியாகப் பணியாற்றிய பியோனா யோன்ஸ்ரனுடையது. அவருடைய கணவரும் அதே சேவையில் பணியாற்றியவர். இருவருக்கும் சீரற்று மாறிவரும் வேலைநேரங்கள். அத்தகைய நேரங்களுக்கு ஏற்பப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் கிடைக்கவில்லை. முழுநேர ஊழியராக இருந்தவாறே நிலையான நாட்களில் பணிபுரிய அனுமதிக்குமாறு அவர் கேட்டார். நிலையான நேரம் வேண்டுமாயின் பகுதிநேர ஊழியராக மாற வேண்டும் என்று கூறப்பட்டது. அவர் 2004 இல் மனித உரிமை முறைப்பாடு செய்தார். 2010 இல் தீர்ப்பாயம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2014 இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. முறைப்பாட்டிலிருந்து அந்தத் தீர்ப்புவரை பத்து ஆண்டுகள் சென்றன.

அத்தீர்ப்பு, ஊழியர் நிறுவ வேண்டிய நான்கு விடயங்களை வகுத்தது. பிள்ளை அவருடைய பராமரிப்பில் இருக்க வேண்டும். அப்பராமரிப்பு விருப்பத் தெரிவாக அல்லாமல் சட்டக் கடப்பாடாக இருக்க வேண்டும். மாற்று வழிகளைத் தேடி அவர் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். வேலைத்தல விதி அக்கடப்பாட்டை அற்பமல்லாத அளவில் பாதிக்க வேண்டும். பிள்ளையை நீச்சல் வகுப்புக்கோ நடன வகுப்புக்கோ அழைத்துச் செல்வதற்காக நேரமாற்றம் கேட்பதற்கும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிலையில் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதிலிருந்து புலனாகும். ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயம் 2016 இல் இந்த நான்கு அம்சச் சோதனையைப் பின்பற்ற மறுத்துச் சற்று வேறான அணுகுமுறையைக் கைக்கொண்டது. ஆயினும் அந்த வழக்கில் தாயைப் பராமரிப்பதாகக் கூறிய ஊழியர் தோற்றுப்போனார். தமது கடமை பற்றித் தொழில்வழங்குநர் கேட்ட விபரங்களை அவர் போதிய அளவில் வழங்காமையே அதற்குப் பெரிதும் காரணமாயிற்று. குடும்ப விடயம் வெளியே தெரியக் கூடாது என்று மறைப்போர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது வழக்கு சங்கங்களின் பொறுப்பைப் பற்றியது. பிரிட்டிஸ் கொலம்பியாவில் பாடசாலைத் துப்புரவுப் பணியாளராக இருந்த லறி றெனோ, தமது மத நம்பிக்கையின்படி வெள்ளிக்கிழமை மாலையில் வேலை செய்ய இயலாதவர். ஞாயிறு முதல் வியாழன் வரை பணியாற்ற அவர் ஆயத்தமாக இருந்தார். கூட்டு ஒப்பந்தத்திற்கு விதிவிலக்கு வழங்கச் சங்கம் இணங்கவில்லை. அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 1992 இல் கனடிய உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. கூட்டு ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி மனித உரிமையை மறுக்க முடியாது. இடங்கொடுக்கும் கடமை சங்கத்திற்கும் உண்டு. ஊழியரும் ஒத்துழைக்க வேண்டும். நியாயமான ஏற்பாடு ஒன்று வழங்கப்படும்போது, தமக்கு முழுமையாகப் பொருந்துவது இதுவல்ல என்று அதனைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இவையே அத்தீர்ப்பின் சாரம்.

இனி, கேட்கும் முறையைப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பணியாற்றும் தாய் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு வேலை தொடங்குகின்றது. பிள்ளையின் பாடசாலையோ எட்டரை மணிக்கே திறக்கும். அவர் முதலில் செய்ய வேண்டியது, கூட்டு ஒப்பந்தத்தின் பிரதியைப் பெற்று வேலைநேரம், மாறுநேரப் பரிமாற்றம், முறைப்பாட்டுக்கான காலவரையறை ஆகிய பிரிவுகளை வாசிப்பதாகும். இரண்டாவதாக, மேற்பார்வையாளரைச் சந்திக்கும் முன்னர் வேலைத்தலச் சங்கப் பிரதிநிதியைச் சந்திக்க வேண்டும். மூன்றாவதாக, கோரிக்கையை எழுத்தில் சமர்ப்பிக்க வேண்டும். எந்த மாற்றம் வேண்டும், எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை வேண்டும், காரணம் யாது, எந்த மாற்று வழிகள் முயன்று பார்க்கப்பட்டன, அந்த நேரத்து வேலையை எவ்வாறு ஈடுசெய்யலாம் என்பன அதில் இடம்பெற வேண்டும். "காலை வேலை கடினமாக உள்ளது" என்று எழுதுவதால் பயனில்லை. மூன்று காப்பகங்களை அணுகியதையும், அவை ஏழு மணிக்கு முன்னர் திறப்பதில்லை என்பதையும், பிற்பகல் வேலைநேரத்தை ஏற்க ஆயத்தமாக இருப்பதையும் எழுதுவதே பயன் தரும். கடிதத்தின் பிரதியொன்றைச் சங்கத்திற்கும் அனுப்ப வேண்டும்; இன்னொன்றை வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் கோபத்தில் வேலைக்குச் செல்லாதிருத்தல் பெருந்தவறு. பணிப்பை முதலில் நிறைவேற்றிவிட்டுப் பின்னர் முறைப்பாடு செய்க என்பதே கனடியத் தொழில் நடுவர்கள் கடைப்பிடிக்கும் பொது நெறியாகும். உயிராபத்து, உடல்நலக் கேடு போன்றவையே அதற்கான விதிவிலக்குகள். முறைப்பாட்டுக்கான காலவரையறை சில நாட்களாகவோ சில வாரங்களாகவோ இருக்கலாம். அதனைத் தவறவிட்டால் நியாயமான வழக்கும் வீழ்ந்துபோகும். ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயத்திற்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. சங்கமே பாராமுகமாக இருந்தால், ஒன்ராறியோ தொழில் உறவுகள் சட்டத்தின் 74 ஆம் பிரிவு உதவிக்கு வரும். சங்கம் தன்னிச்சையாகவோ, பாகுபாட்டுடனோ, கெட்ட நோக்கத்துடனோ நடந்துகொள்ளக் கூடாது என்பது அப்பிரிவின் விதி.

வீட்டிலிருந்து வேலை செய்வதை விரும்பும் இளையோர் அண்மைக்கால நிகழ்வொன்றை அறிந்திருத்தல் நன்று. 2023 ஏப்ரல் 19 அன்று, கனடியப் பொதுச்சேவைக் கூட்டணியைச் சேர்ந்த 155,000 இற்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சம்பள உயர்வோடு வீட்டிலிருந்து வேலை செய்வதும் அவர்களது முக்கிய கோரிக்கையாக இருந்தது. மே மாதத் தொடக்கத்தில் உடன்பாடு எட்டப்பட்டது. ஒவ்வொருவரின் கோரிக்கையும் தனித்தனியே பரிசீலிக்கப்பட்டு எழுத்தில் பதில் தரப்படும் என்ற உறுதி கிடைத்தது. ஆனால் அது கூட்டு ஒப்பந்தத்தினுள் அன்றி, புறம்பான ஒரு கடிதத்திலேயே இடம்பெற்றது. அடுத்த ஆண்டே, 2024 செப்டெம்பர் 9 முதல் வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள் அலுவலகத்திற்கு வர வேண்டும் என அரசு பணித்தது. ஒப்பந்தத்தின் உள்ளே எழுதப்படுவதற்கும் வெளியே எழுதப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்வோர் இரண்டு விடயங்களை மனத்தில் இருத்த வேண்டும். அது பிள்ளை பராமரிப்புக்கு ஈடாகாது. வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் தேவை. அத்தோடு, ஸ்காபரோவிலுள்ள வீட்டிலிருந்து வேலை செய்யக் கிடைத்த அனுமதி, யாழ்ப்பாணத்திற்கோ சென்னைக்கோ சென்று அங்கிருந்து வேலை செய்வதற்கான அனுமதி ஆகாது. வரி, தகவல் பாதுகாப்பு ஆகிய காரணங்களால் அதற்குத் தனியான ஒப்புதல் பெற வேண்டும்.

அன்பான இளையோரே, பெற்றோருக்கு வரும் அரசாங்கக் கடிதங்களைச் சிறுவயது முதலே வாசித்து விளக்கியவர்கள் இந்த மண்ணில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள். அம்மாவின் கூட்டு ஒப்பந்தத்தை ஒரு மாலைப்பொழுதில் அவரோடு அமர்ந்து வாசிப்பதும், அப்பாவின் கோரிக்கைக் கடிதத்தைத் திருத்தமாக எழுதிக் கொடுப்பதும் அப்பணியின் தொடர்ச்சியே.

பெற்றோர்களே, ஒவ்வொரு சம்பளத்திலும் சங்கச் சந்தா கழிக்கப்படுகின்றது. 1946 இல் நீதியரசர் ஐவன் றான்ட் வழங்கிய தீர்ப்பு முதல், சங்கத்தின் பயனை அடையும் அனைவரும் அதன் செலவையும் பகிர்ந்துகொள்ளும் முறை கனடாவில் வேரூன்றியுள்ளது. பணத்தைக் கொடுத்துவிட்டுச் சங்கக் கூட்டத்திற்குச் செல்லாதிருப்பது, கட்டிய வீட்டுக்குள் குடிபுகாமல் வாசலில் நிற்பதற்கு ஒப்பாகும். அடுத்த கூட்டு ஒப்பந்தத்திற்கான கோரிக்கைகளைச் சங்கம் திரட்டும்போது, நேரமாற்றமும் வீட்டிலிருந்து வேலையும் ஒப்பந்தத்தின் உள்ளேயே எழுதப்பட வேண்டும் என்று அங்கே எழுந்து கேட்பவர்களில் தமிழரும் இருக்க வேண்டும்.