கல்லூரித் தமிழுக்கு ஒரு பொதுப் பாடம்



கட்டற்ற வளங்களைக் கொண்டு, கல்லூரி மொழிப்பாடமான பகுதி 1 தமிழுக்குப் பாடம் அமைப்பது எப்படி என்று பேசக் கூடியிருக்கிறோம். வளம் இல்லையே என்று நாம் வருந்த வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை உள்ளிட்டு வைத்திருக்கிறார்கள். 2001இல் தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக நூலகமும் பாடங்களும் தருகிறது. பாரதி படைப்புகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கியது. பின்னாளில் பலருடைய நூல்கள் நாட்டுடைமையாயின. எடுத்தாள இவ்வளவு இருந்தும், பருவத்துக்கொரு தொகுப்பு நூலை அச்சிட்டு மாணவர் தலையில் கட்டுகிறோம். பாதிப் பேர் அதையும் வாங்காமல் தேர்வுக்கு முந்தைய வாரம் நோட்ஸ் தேடுகிறார்கள்.

மூலநூல் கையில் இருந்தால் மட்டும் பாடம் அமைந்துவிடாது. அருஞ்சொற்பொருள், பின்னணிக் குறிப்பு, வினாக்கள், பயிற்சி, ஒலிப்பதிவு எல்லாம் சேர வேண்டும். இவை நம்மிடம் இல்லாமலில்லை. ஒவ்வோர் ஆசிரியரின் குறிப்பேட்டிலும் இருக்கின்றன. அவர் ஓய்வு பெறும்போது அவரோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. நம் குறை இதுதான் என்பது என் முடிவான கருத்து.

எடுத்துக்காட்டாக, புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்துக்கொள்வோம். அவர் 1948இல் மறைந்தார். நம் நாட்டில் பதிப்புரிமை ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் என்பதால், மூலத்தை எடுத்தாளத் தடையில்லை. கதை சென்னை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் தொடங்குகிறது. வெளியூர் மாணவருக்கு அந்த இடம் தெரியாது. ஒரு பழைய வரைபடம் வேண்டும். சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கும் உரையாடலை இருவர் பேசிப் பதிவு செய்யலாம். பிள்ளையின் திருநெல்வேலிப் பேச்சைத் தம் ஊர்ப் பேச்சில் மாற்றி எழுதச் சொன்னால் வட்டார வழக்குப் பாடம் அங்கேயே நடந்துவிடும். ஆனால் எந்தப் பதிப்பின் பாடம் என்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் கொண்டுவந்த செம்பதிப்பைப் பார்த்தவர்களுக்குப் பாடவேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். அவருடைய முன்னுரையும் குறிப்புகளும் அவருக்கே உரியவை. அவற்றை அப்படியே எடுத்துப் போடக் கூடாது. நம் குறிப்பை நாமே எழுத வேண்டும்.

இன்னொரு பயிற்சியும் என் மனத்துக்கு நெருக்கமானது. விக்கிமூலம் என்ற கட்டற்ற இணைய நூலகத்தில் இடப்பக்கம் எழுத்துணரி மென்பொருள் தந்த வரிகள், வலப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூலானால் பழைய ணா, றா, னை வடிவங்களில் எழுத்துணரி தடுமாறும். ஒரு மாணவர் வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பதைக் கரும்பலகையில் சொல்லும்போது தலையாட்டுகிற மாணவர், இங்கே ஒவ்வொரு வரியிலும் தாமே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பும் வீணாவதில்லை, அடுத்து வருபவருக்கு ஒரு நல்ல பக்கமாக நிற்கிறது. இதற்கு உள்மதிப்பீட்டில் மதிப்பெண் தருவதில் என்ன தயக்கம்?

மாணவர் பங்களிப்போடு பொதுப் பாடம் அமைப்பதற்கு முன்மாதிரியும் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 2004 முதல் 'ஃபிரான்சே இன்டராக்டிஃப்' என்ற முழுப் பிரெஞ்சுப் பாடத்தை இலவசமாகத் தருகிறார்கள். பாடத்தின் காணொளிகளில் பேசுபவர்களில் பலர் அவர்களுடைய மாணவர்களே. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு வெளியிட்டிருப்பதால் வேறு கல்லூரிகளும் அதை எடுத்தாள முடிகிறது.

உரிமத்தைப் பற்றி ஒரு சொல். இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதையெல்லாம் திருத்தி வெளியிடும் உரிமை நமக்கில்லை. எடுக்கும்போது உரிமத்தைப் பாருங்கள்; தரும்போது உரிமத்தை எழுதுங்கள்.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் வரும் கல்வியாண்டில் ஓர் அலகையாவது பொதுவளத்திலிருந்து அமைக்க வேண்டும். மற்றவர்கள், வாசித்த கட்டுரையோடு சொந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒரு பாடத்தையும், பிறர் திருத்தக்கூடிய கோப்பாக, பெயரும் உரிமமும் இட்டு, அமைப்பாளர்களிடம் தந்துவிட்டுச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.