பத்திரிகைக்கு வேதத்தின் ஆசனமா?



1910 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சமய இதழில், அதன் ஆசிரியர் சார்லஸ் டேஸ் ரசல் தம் நூலைப் பற்றித் தாமே ஒரு கருத்தை எழுதினார். தம்முடைய ஆறு தொகுதி விளக்க நூலை ஒதுக்கிவிட்டு பைபிளை மட்டும் படிக்கிறவர் இரண்டு ஆண்டுக்குள் இருளில் விழுந்துவிடுவார். பைபிளைத் தனியே ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் அந்த நூலை மட்டும் படித்தவரோ வெளிச்சத்தில் இருப்பார். வேத வசனங்களின் ஒளி அந்த நூலுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் காட்டிய காரணம்.

ஒரு மனிதர் தம் எழுத்தை வேதத்தின் பக்கத்தில் உட்காரவைப்பதே தவறு. ரசல் ஒரு படி மேலேயே வைத்துவிட்டார்.

1879 ஜூலையில் 6,000 பிரதிகளோடு அவர் தொடங்கிய அந்த இதழ் இன்று நூற்றுக்கணக்கான மொழிகளில் வெளியாகிறது. தமிழில் அதன் பெயர் ‘காவற்கோபுரம்’. வீட்டு வாசலுக்கு வரும் யெகோவாவின் சாட்சிகள் கையில் அதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பார்கள். அவர்களுடைய ராஜ்ய மன்றத்தில் வாரந்தோறும் அந்த இதழின் கட்டுரை ஒன்று படிக்கப்படுகிறது. பத்திகளுக்கு எண் உண்டு. பத்திக்கான கேள்வியும் கூடவே அச்சாகியிருக்கும். ஒருவர் பத்தியை உரக்க வாசிக்க, நடத்துகிறவர் கேள்வியைக் கேட்க, கை தூக்கியவர் அந்தப் பத்தியிலிருந்தே பதில் சொல்கிறார். பைபிளும் மடியில் திறந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் பத்தி சொல்வதே சரிதானா என்ற கேள்விக்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை.

வேதத்தை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டாமா என்று சாட்சிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எருசலேமிலிருந்து காசாவுக்குப் போகிற வழியில் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவைப் படித்துக்கொண்டு போனார். ஒருவர் விளக்காவிட்டால் எப்படிப் புரியும் என்றார். அப்போஸ்தலர் நடபடிகள் எட்டாம் அதிகாரத்தில் இருக்கும் அந்தச் சம்பவத்தைத்தான் அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அதே அதிகாரத்தின் கடைசி வசனங்களையும் படிக்கட்டும். விளக்க வந்த பிலிப்பு ரதத்தில் ஏறினார், விளக்கினார், ஞானஸ்நானம் கொடுத்தார், போய்விட்டார். மந்திரி மறுபடி அவரைக் காணவே இல்லை. சந்தோஷத்தோடு தன் வழியே போனார். அவருக்கு மாதாமாதம் ஏடு எதுவும் வரவில்லை. பிலிப்பின் விளக்கத்தை இனி மீறக்கூடாது என்று யாரும் அவரிடம் கையெழுத்து வாங்கவும் இல்லை. பவுலே பேசியபோதுகூட, அவர் சொன்னது சரியா என்று பெரோயா பட்டணத்தார் வேதத்தைத் திறந்து பார்த்தார்கள். லூக்கா அவர்களை நற்குணசாலிகள் என்று பாராட்டுகிறார்.

இது வெறும் தத்துவச் சண்டை என்று நினைக்கிறவர்கள் சிறுநீரகம் பழுதான ஒரு விசுவாசியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1967 நவம்பர் 15 இதழின் வாசகர் கேள்விப் பகுதி, உறுப்பு மாற்றுச் சிகிச்சையை மனித மாமிசம் தின்பதற்கு ஒப்பிட்டது. வேதத்தில் உறுப்பு மாற்று என்ற பேச்சே கிடையாது. அந்தச் சிகிச்சையே 1954-இல்தான் முதன்முதலாக வெற்றி பெற்றது. ஆகவே அந்தத் தீர்ப்பு முழுக்க முழுக்க எழுதியவர்களுடைய அனுமானம். 12 ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1980 மார்ச் 15 இதழ், அது அவரவர் மனசாட்சிக்கு உட்பட்டது, சபை நடவடிக்கை எடுக்காது என்று அறிவித்தது. நடுவே அந்த 12 ஆண்டுகளில் உயிரா விசுவாசமா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து தவித்தவருக்கு யார் பதில் சொல்வது? வேதம் அதே வேதம். ஒரு வசனமும் மாறவில்லை. மாறியது பத்திரிகை.

தேதி குறித்த கதை இன்னும் நீளமானது. 1914 உலக அரசுகளின் முடிவு என்று நம்பவைத்தார்கள். 1925-இல் ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் உயிரோடு எழுந்து வருவார்கள் என்றார் ரசலுக்குப் பின் வந்த ரதர்ஃபோர்டு. மனித வரலாற்றின் 6,000 ஆண்டுகள் 1975-இல் நிறைவடையும் என்று கணக்குப் போட்டு, பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது 1966-இல் வந்த அவர்களுடைய ஒரு புத்தகம். அந்த ஏமாற்றத்துக்குத் தங்கள் வெளியீடும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டதும் அதே 1980 மார்ச் 15 இதழ்தான்.

தவறு யாருக்கும் நேரும். தவறு நிலவிய காலத்தில் அதை நம்ப மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் விஷயம். 1954-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நீதிமன்றத்தில் வால்ஷ் என்பவரின் வழக்கு நடந்தது. யெகோவாவின் சாட்சிகளுடைய சங்கத்தின் வழக்கறிஞர் ஹேடன் கோவிங்டன் சாட்சிக் கூண்டில் நின்றார். பிழையான தீர்க்கதரிசனம் வெளியானது என்று ஒத்துக்கொண்டார்; உறுப்பினர்கள் அதை ஏற்றே ஆகவேண்டியிருந்தது என்றும் ஒத்துக்கொண்டார்; அது பிழை என்று சொல்லி அதிலேயே நிற்கிறவர் சபைநீக்கம் செய்யப்படுவார், ஒற்றுமைதான் முக்கியம் என்றார். பிழை என்று தெரிந்த பின்னும் அதைப் பிழை என்றவர் குற்றவாளி!

ரேமண்ட் ஃபிரான்ஸ் அந்த அமைப்பின் ஆளும் குழுவிலேயே ஒன்பது ஆண்டு இருந்தவர். 1980-இல் பதவி விலகினார். அடுத்த ஆண்டு செப்டம்பர் இதழ், சபையிலிருந்து தானாக விலகியவரையும் நீக்கப்பட்டவரைப் போலவே ஒதுக்க வேண்டும் என்று விதியை இறுக்கியது. ஃபிரான்ஸுக்கு வேலை கொடுத்திருந்தவர் அப்படி விலகியவர். அவரோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டதற்காக 1981 இறுதியில் ஃபிரான்ஸ் சபைநீக்கம் செய்யப்பட்டார். ஒரு கட்டுரை அச்சாவதற்கு முன்பு சாதாரண சாப்பாடாக இருந்தது, அச்சான பின்பு பாவமாகிவிட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யெகோவாவின் சாட்சிகளைக் கேவலப்படுத்த இந்த மேடை இடம் தராது. ஹிட்லருக்கு வணக்கம் சொல்ல மறுத்து, ஊதா முக்கோணச் சின்னத்தோடு வதை முகாம்களில் கிடந்தவர்கள் அவர்கள். தேசிய கீதம் பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மூன்று கேரளக் குழந்தைகளுக்காக, 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அளித்த தீர்ப்பு இந்த நாட்டில் ஒவ்வொருவருடைய மனசாட்சிக்கும் காவல். அந்தக் குழந்தைகள் பாடல் ஒலித்தபோது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். அரசாங்கத்திடம் அந்த உரிமையை வென்றெடுத்த சமூகம் தன் மன்றத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அதே உரிமையை ஏன் தரக்கூடாது?

மற்றச் சபையார் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று இருந்துவிடவும் முடியாது. உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்பது ஆயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட சொந்தக் கணக்கு. 1701 முதல் அது ஆங்கில பைபிளின் ஓரத்தில் அச்சானது. தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்தவர்கள் ஓரக் குறிப்பையும் வசனமாகவே நம்பிவிட்டார்கள்.

2017 பிப்ரவரி ‘காவற்கோபுரம்’, ஆளும் குழு தேவ ஏவுதல் பெற்றதல்ல, தவறே செய்யாததும் அல்ல, போதனையில் அது பிழை செய்யக்கூடும் என்று எழுதியது. நேர்மையான வாக்கியம், வரவேற்போம். அப்படியானால் அதற்குரிய நடைமுறையும் வரட்டும். அந்த மன்றத்தில் ஒரு வாரம் ஒருவர் எழுந்து, “இந்தப் பத்தி வேதத்தோடு பொருந்தவில்லை” என்று சொல்லட்டும். பதிலுக்கு வசனத்தைக் காட்டட்டும். கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், வீடு திரும்பும்போது அவருடைய அம்மா அவரோடு பேசட்டும், அண்ணன் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.