பனிக்காலத்தில் டிரெய்லரோடு ஐரோப்பா: கிள்ளானிலிருந்து புறப்படும் முன்...



பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாற உட்காரும் மேசைகளில் பிறக்கும் திட்டங்களுக்குக் கணக்கே இல்லை. இரண்டாவது தே தாரேக் வருவதற்குள் யாராவது ஒருவர், "காரிலேயே லண்டன் போனால் என்ன?" என்று கேட்டுவிடுவார். பின்னால் ஒரு டிரெய்லர், அதில் சமையல் சாமான், கூடாரம், கம்பளி. டிசம்பர் விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பனியும் காட்டியாகிவிடும். பெரும்பாலும் இந்தப் பேச்சு பில் வந்ததும் முடிந்துவிடுகிறது. ஆனால் சிலர் வீட்டுக்குப் போய் வரைபடத்தை விரித்துவிடுகிறார்கள். இன்றைய உரை அவர்களுக்காக.

முதலில், இது நடக்கவே முடியாத கற்பனை அல்ல. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனை விட்டுப் புறப்பட்டார்கள். இந்தியா, பர்மா, தாய்லாந்து, மலாயா வழியாக 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தார்கள். அப்போது பிபிசியில் இருந்த டேவிட் அட்டன்பரோதான் அவர்கள் படம் எடுப்பதற்குப் பிலிம் கொடுத்து உதவியவர். அந்த இரண்டு வண்டிகளில் ஒன்று 2019 ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து மறுபடி கிளம்பி, அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ நான்கு மாதங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குள் போய் வந்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த நான்கு மாதத்தை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

நம்மவர்கள் ஏன் பனிக்காலத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. நீண்ட விடுமுறை ஆண்டு இறுதியில்தான் கிடைக்கிறது. இடையில் சில ஆண்டுகள் பள்ளித் தவணை மாறிப்போனாலும், 2026 முதல் அது மீண்டும் ஜனவரிக்கே வந்துவிட்டது. ஐரோப்பியர்கள் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு ரயிலில் போகும் பருவத்தில் நாம் டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்புகிறோம். அதில் தவறில்லை. ஆனால் ஆயத்தம் இருமடங்கு வேண்டும்.

சாலை வழியா, கப்பல் வழியா?

புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகத் தாய்லாந்து போய்வந்த அனுபவம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கானோருக்கு உண்டு. அதற்கு அப்பால்தான் சிக்கல். 2021 இராணுவப் புரட்சிக்குப் பிறகு மியன்மார் வழியை யாரும் நம்பிப் போக முடியாது. லாவோஸ் வழியாகச் சீனாவுக்குள் நுழைந்தால், வெளிநாட்டு வண்டிக்குத் தற்காலிக எண் பட்டையும் அனுமதியும் வேண்டும். வழிநெடுக உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் கூடவே வர வேண்டும். அவருடைய சம்பளம், சாப்பாடு, தங்கும் செலவு எல்லாம் வண்டிக்காரர் தலையில்தான். கஸக்ஸ்தானைக் கடந்த பிறகு மூன்று பாதைகள் உண்டு. அஜர்பைஜான் 2020 மார்ச்சில் பயணிகளுக்குத் தன் தரை எல்லைகளை மூடி, அந்தத் தடையை ஆண்டுக்கணக்கில் நீட்டித்துக்கொண்டே வந்தது. ஈரான் 2025 ஜூன் மாதத்தில் போரைக் கண்டது. ரஷ்யாவின் தென்கோடி வழியாக ஜார்ஜியா, துருக்கி என்று போகலாம். ஆனால் 2022 முதல் நடக்கும் உக்ரேன் போரின் காரணமாக, அங்கே காப்புறுதி வாங்குவதும் வங்கி அட்டையைப் பயன்படுத்துவதும் பெரும்பாடு.

இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை. இந்தப் பயணத்தின் மிகக் கடுமையான குளிர் ஐரோப்பாவில் இல்லை. கஸக்ஸ்தான் சமவெளியிலும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் துருக்கியின் எர்சுரூம் பக்கத்திலும்தான் அது காத்திருக்கிறது. டிசம்பரில் வியன்னாவைப் பார்க்க விரும்புகிறவர் அந்த இடங்களை அக்டோபருக்குள் கடந்துவிட வேண்டும். எனவே கோலாலம்பூரிலிருந்து ஆகஸ்டிலேயே புறப்பட வேண்டியிருக்கும்.

அந்த நேரம் இல்லாதவர்களுக்கு நம் வீட்டு வாசலிலேயே ஒரு வழி இருக்கிறது. போர்ட் கிள்ளான். பழைய போர்ட் ஸ்வெட்டன்ஹாம். 40 அடி கொள்கலனின் உள்நீளம் ஏறத்தாழ 12 மீட்டர், அகலம் 2.35 மீட்டர். சாதாரணக் காரும் சிறிய பெட்டி டிரெய்லரும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே அடங்கிவிடும். படுத்துறங்கும் வசதியுள்ள பெரிய கேரவன் அடங்காது. அதற்கு வண்டிகளை ஓட்டியே ஏற்றும் கப்பல்தான் பார்க்க வேண்டும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் பல கப்பல் நிறுவனங்கள் சூயஸ் கால்வாயை விட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணம் பத்து நாளுக்கும் மேல் நீண்டது. கப்பல் எந்த வழி போகிறது என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் விமான டிக்கெட் வாங்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள் வண்டி வரும்வரை துறைமுக நகரில் ஓட்டல் வாடகை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

காகிதங்களில் பலரும் மறப்பது நாள் கணக்கு. மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் விசா தேவையில்லை. ஆனால் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரி முதல் முழுமையாக அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டதால், அங்கே கழிக்கும் நாட்களும் கணக்கில் சேரும். 2025 அக்டோபர் முதல் இந்தக் கணக்கைக் கணினியே வைத்துக்கொள்ளத் தொடங்கியது. பிரிட்டனுக்குத் தனியாக மின்னியல் அனுமதி வாங்க வேண்டும். அனைத்துலக ஓட்டுநர் அனுமதி, நுழையும் எல்லையில் வாங்க வேண்டிய மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஆகியவை இல்லாமல் சாலையில் சக்கரம் உருளக் கூடாது. பழைய டீசல் பிக்கப் வைத்திருப்போர், ஜெர்மன் நகரங்கள் பலவற்றில் பச்சை ஒட்டுவில்லை இல்லாத வண்டிக்கு நகர மையத்தில் இடமில்லை என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் ஊற்றும் பழக்கம்

இனி வண்டி. நம் நாட்டில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் வாசல் குழாயைத் திறந்து ஊற்றிவிடுகிறோம். ஐம்பது ஆண்டாக ஊற்றுகிறோம், ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளிது, நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லை. உறைந்தால் தண்ணீர் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருத்துவிடும். இரவில் நிறுத்திய வண்டியின் எஞ்சின் இரும்பையே அது பிளந்துவிடும். உறையாத் திரவத்தையும் சுத்த நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் சுழியத்துக்குக் கீழ் 35 பாகைவரை கவலையில்லை. இந்த வேலையை ஐரோப்பாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், இங்கேயே நம் பட்டறையில் பழைய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுச் செய்துகொள்ள வேண்டும். கண்ணாடி கழுவும் நீருக்கும் இதே விதிதான்.

டீசலும் அப்படியே. மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. கேமரன் மலையில் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாகக் கட்டிப்போயிருப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. செம்பனை டீசலும் குளிரில் மெழுகாகி வடிகட்டியை அடைத்துவிடும். நம் ஊர் எரிபொருளைத் தீர்த்துவிட்டு, குளிர்ப் பகுதிக்குள் நுழையுமுன்பே அந்தந்த நாட்டுக் குளிர்கால டீசலை நிரப்பிக்கொள்ள வேண்டும்.

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. வெப்பம் ஏழு பாகைக்குக் கீழே போனால் நம் டயரின் ரப்பர் இறுகி, சாலையைப் பிடிக்கும் தன்மையை இழக்கத் தொடங்கும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, பனிக்கால நிலை இருக்கும்போது குளிர்கால டயர் கட்டாயம். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து மலை உருவத்துக்குள் பனித்துளி வரைந்த முத்திரையுள்ள டயர்தான் குளிர்கால டயராகச் செல்லும். டிரெய்லருக்கு வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். கார் நின்று, பின்னால் வருவது நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

டிரெய்லர் என்ற இரண்டாவது வண்டி

டிரெய்லரைச் சாமான் மூட்டையாக நினைக்கிறோம். அது இன்னொரு வண்டி. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமத்துக்கு 750 கிலோ வரையுள்ள டிரெய்லர். அதற்கு மேல் என்றால் காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. ஜெர்மனியில் டிரெய்லர் இழுக்கும் காருக்கு, தனி அனுமதி இல்லாவிட்டால், மணிக்கு 80 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். பக்கத்தில் மற்றவர்கள் 180இல் பறப்பார்கள், ரோஷப்படக் கூடாது.

கனமான பொருள் எல்லாம் அச்சுக்கு மேலேயும் சற்று முன்னாலேயும் தரையோடு இருக்க வேண்டும். அரிசி மூட்டையைப் பின்கதவோரம் வைத்தால் டிரெய்லரின் வால் ஆடத் தொடங்கும். அப்படி ஆடும்போது பதறி பிரேக்கை மிதிப்பதுதான் மனித இயல்பு, அதுவே கவிழ்ப்பதும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் ஆட்டம் தானாக அடங்கும். ஈரத்தோடு நிறுத்தும் இரவில் டிரெய்லரின் கைப்பிரேக்கை இழுத்து விட்டால், காலையில் அது உறைந்து ஒட்டிக்கொள்ளும். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது மேல்.

இதிலெல்லாம் பயிற்சி எங்கே கிடைக்கும்? கிள்ளானில்தான். நார்த்போர்ட், வெஸ்ட்போர்ட் பக்கம் கொள்கலன் டிரெய்லர் ஓட்டும் நம்மவர்கள் இருக்கிறார்கள். நாற்பது அடி நீளத்தைக் கண்ணாடியை மட்டும் பார்த்துச் சந்துக்குள் பின்னோக்கிச் செருகும் அந்தத் திறமையை யாரும் பாராட்டுவதில்லை. வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும் என்பது புத்தகத்தில் படித்துக் கைவருவதில்லை. அப்படி ஓர் அண்ணனைத் தேடிப்பிடித்து, நான்கு ஞாயிற்றுக்கிழமை காலை காலியான ஒரு திடலில் அவரிடம் பழகிக்கொண்டால், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் வழி தவறி முட்டுச்சந்தில் மாட்டும்போது மானம் தப்பும். நம் கார் ஸ்டியரிங் வலப்பக்கம், அவர்கள் சாலையிலும் வலப்பக்கம். முந்திச் செல்லும்போது எதிரே வருவது தெரியாது. முன்னிருக்கையில் இருப்பவர் தூங்கக் கூடாது. டோல் கட்டணம் நீட்டுவதும் அவர் வேலைதான். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிக்காதபடி மறைப்பு ஒட்டிக்கொள்ளவும் வேண்டும்.

உயிரோடு விளையாடும் ஒரே ஒரு விஷயம்

இரவுக் குளிரில் டிரெய்லருக்குள் படுத்துக்கொண்டு அடுப்பை எரியவிடுவது. கரியோ கேஸோ, மூடிய இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம்போல வந்து ஆளை முடித்துவிடும். கேமரன் மலைக் கூடாரத்தில் கதவைத் திறந்துவைத்துச் சமைத்துப் பழகியவர், சுழியத்துக்குக் கீழே கதவைத் திறக்க மாட்டார். அங்கேதான் ஆபத்து. எச்சரிக்கைக் கருவி சிறிய பெட்டி அளவுதான் இருக்கும்; அதை வாங்காமல் டிரெய்லரில் யாரையும் படுக்கவைக்கக் கூடாது. ஸ்டீம்போட் அடுப்பின் பூட்டேன் கேஸ் சுழியத்துக்குக் கீழே ஆவியாகாது என்பதால் அடுப்பே எரியாமல் போகலாம். அங்கே புரோப்பேன்தான் பயன்படும்.

நாள் திட்டத்தைப் பகல் வெளிச்சத்தைக் கொண்டு போட வேண்டும். நமக்கு ஆண்டு முழுதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரப் பகல். டிசம்பர் பிற்பகுதியில் லண்டனில் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஸ்டாக்ஹோமில் ஆறு மணி நேரம்தான். பினாங்குக்கு நான்கு மணி நேரத்தில் போகும் கணக்கு அங்கே உதவாது. டிரெய்லரோடு ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர், மூன்று நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்று வைத்தால் போதும். இஸ்தான்புல்லிலிருந்து சோபியா, விடின் அருகே டன்யூப் பாலம், புடாபெஸ்ட், வியன்னா, நியூரம்பர்க் என்று பெரும்பாலும் தாழ்நிலத்தில் போகும் பாதை ஆல்ப்ஸ் கணவாய்களைத் தவிர்த்துவிடுகிறது. மலைதான் வேண்டும் என்றால் டிரெய்லரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ரயிலேறிப் போய்ப் பார்த்து வரலாம்.

வீட்டில் வயதான அப்பாவோ அம்மாவோ, "நானும் வருகிறேன்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அவர்களை வியன்னாவுக்கு விமானத்தில் வரச்சொல்லி, சூடேற்றிய ஓர் அறை எடுத்துக் கொடுத்து, அங்கிருந்து இரண்டு மூன்று நாள் பகலில் மட்டும் காரில் கூட்டிப்போகலாம். நீரிழிவு இருந்தால் இன்சுலின் உறையக் கூடாது. இரவில் அதை வண்டியில் விட்டுவைக்காமல் கையோடு அறைக்குள் எடுத்துப் போக வேண்டும். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் இரண்டு நகல் இருக்கட்டும். ஒன்று கைப்பையில், ஒன்று டிரெய்லரில் அல்ல, காரின் முன்பெட்டியில்.