கட்சிக்காரரின் பிராது



அரசமைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேசலாமே என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். நான் அதைவிடக் கீழே, நீதிமன்றத் தாழ்வாரத்தில் நிற்கும் ஒருவரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார், பத்திரங்களைக் கொடுத்தார், பணமும் கட்டினார். பிறகு தன் வழக்கறிஞராலேயே ஏமாற்றப்பட்டார். அவர் எங்கே போய் முறையிடுவார்? நம் நாட்டில் அந்தப் பிராதை விசாரிக்கிறவர்களும் வழக்கறிஞர்களே. அப்படி இருப்பதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் கட்சிக்காரருக்காக நம்மிடம் விடப்பட்ட அந்த அதிகாரத்தை, அவருக்குப் பயன்படும் விதத்தில் நாம் நடத்தவில்லை. இதுதான் என் மனக்குறை.

இந்த அதிகாரம் வேறு கைகளில் இருந்தபோது என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1908-ல் வ.உ. சிதம்பரனாருக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, சிறையோடு அவருடைய வக்கீல் சன்னதும் பறிபோனது. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தவருக்குத் தெரிந்த தொழில் வழக்காடுவது. அதைச் செய்ய வழியில்லாமல் சென்னையில் அவர் குடும்பம் வறுமையில் கிடந்தது. வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி முன்வந்த பிறகே சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. நம் ஊரில் இது பலருக்குத் தெரிந்த செய்திதான். ஒரு வழக்கறிஞரின் பிழைப்பு ஒரு நீதிபதியின் நல்ல மனத்தை நம்பி நின்றது என்ற கோணத்தில் நாம் அதைப் பார்ப்பதில்லை. காந்தியடிகளின் பெயரை லண்டனின் இன்னர் டெம்பிள் என்ற பாரிஸ்டர் சங்கம் 1922-ல் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. திரும்பச் சேர்த்தது 1988-ல், அவர் மறைந்து 40 ஆண்டுகள் ஆன பிறகு.

1926-ஆம் ஆண்டின் பார் கவுன்சில் சட்டத்திலும் கடைசி முடிவு உயர் நீதிமன்றத்தின் கையில்தான் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையிலான குழு 1953-ல் அறிக்கை தந்தது; அதன் வழியில் 1961-ல் வழக்கறிஞர்கள் சட்டம் வந்தது. அதன்பின் ஒழுங்கு நடவடிக்கை நம் பொறுப்பாயிற்று. நீதிமன்ற அவமதிப்பு வழக்கை விசாரிக்கும்போது உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரின் உரிமத்தைப் பறிக்க முடியாது என்று 1998-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானே வழக்கறிஞர்களைத் தடை செய்யும்படி விதிகளைத் திருத்தியதும், தமிழகம் முழுக்க வழக்கறிஞர்கள் கொதித்தெழுந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த விதிகளை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. அரசை எதிர்த்தும், தேவைப்பட்டால் நீதிபதியை எதிர்த்தும் நின்று பேச வேண்டியவரின் தொழில் அவர்கள் கையில் இருக்கக்கூடாது.

வென்றுவிட்டோம். வென்றதை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்று கேட்கத்தான் இன்று வந்தேன்.

வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவு எளிமையானது. பிராது வந்தால், அல்லது வராமலேகூட, தவறு நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருந்தால் மாநில பார் கவுன்சில் அதை மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். இருவர் கவுன்சில் உறுப்பினர்கள், ஒருவர் வெளியிலிருந்து சேர்க்கப்படும் வழக்கறிஞர். பிராதைத் தள்ளலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் சஸ்பெண்ட் செய்யலாம், பெயரைப் பட்டியலிலிருந்தே நீக்கலாம். 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு அப்பீல். அதன்மேல் இன்னொரு 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம். மாநிலக் குழு ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் வழக்கு தானாக இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்கிறது 36பி பிரிவு. தாமதத்தைத் தடுக்க வந்த பிரிவு இது. நடப்பில், ஓராண்டு வாய்தா வாங்கி ஓட்டிவிட்டால் வழக்குக் கட்டு டெல்லிக்குப் போய்விடும், கிராமத்துக் கட்சிக்காரர் அங்கே வரமாட்டார் என்ற கணக்குக்கு அது வழிவிட்டது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மாநிலக் குழுக்கள் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும், மாற்றப்பட்டு வந்தவற்றை இந்திய பார் கவுன்சிலும் ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டத்தில் இருப்பதைச் செய்யுங்கள் என்று நமக்குச் சொல்ல ஒரு தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது.

இனி இரண்டு வழக்குகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்.

முதலாவது நம் மாநிலத்தது. சட்ட மாணவர்கள் ரங்கதுரை வழக்கு என்று படிப்பீர்கள். தீர்ப்பு 1978 அக்டோபரில் வந்தது. எழுபது வயது, காது கேளாத ஒரு முதியவரும் அவர் மனைவியும் இரண்டு புரோநோட்டுகளைக் கொடுத்து வழக்குப் போடச் சொன்னார்கள். ஒன்று 15,000 ரூபாய், இன்னொன்று 5,000. நீதிமன்றக் கட்டணத்துக்கும் செலவுக்கும் பணம் வாங்கிக்கொண்ட வழக்கறிஞர் வழக்கே போடவில்லை. போட்டாயிற்று என்று நம்பவைத்தார். புரோநோட்டுக்கு ஆயுள் மூன்று ஆண்டு என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். நம்பிக்கையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கடன் செத்துக்கொண்டிருந்தது என்பது அந்த முதியவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தமிழ்நாடு பார் கவுன்சில் ஆறு ஆண்டு சஸ்பென்ஷன் விதித்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் வேறொரு வழியைத் தேடினார். பாதிக்கப்பட்டவருக்கு 2,500 ரூபாய் கொடுக்க வேண்டும். ஓராண்டு காலம் தமிழ்நாட்டில் இலவச சட்ட உதவிப் பணி செய்ய வேண்டும். நீதிபதி ஏ.பி. சென் இந்தத் தண்டனை முறைக்கு உடன்படவில்லை; சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் அவர் பக்கம் நியாயம் உண்டு. இருந்தாலும் என் மனம் கிருஷ்ணய்யரின் பக்கமே சாய்கிறது. 35-ஆவது பிரிவில் வழக்கறிஞருக்குத் தண்டனை இருக்கிறது, கட்சிக்காரருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பக் கிடைக்க வழியில்லை. அந்த ஓட்டையைக் கண்டவர் அவர். 45 ஆண்டுகள் தாண்டியும் அதை யாரும் அடைக்கவில்லை.

இரண்டாவது ராஜஸ்தானில் நடந்தது, 2001-ல் உச்ச நீதிமன்றம் முடித்தது. ஒரு வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்குக் கடிதம் எழுதுகிறார். இந்த நீதிபதி பணம் வாங்குகிறார் என்று இன்னொரு கட்சிக்காரர் சொன்னார்; உங்களுக்கு வேறு ஆள் மூலம் அவரைப் பார்க்க முடியுமானால் சரி, இல்லையென்றால் 10,000 ரூபாய் அனுப்புங்கள். இதுதான் கடிதத்தின் சாரம். கடிதத்தை அவர் மறுக்கவில்லை. மாநிலக் குழு இரண்டு ஆண்டு சஸ்பெண்ட் செய்தது. இந்திய பார் கவுன்சிலின் குழு அதைக் கூட்டி நிரந்தரமாகவே நீக்கியது. பிறகு சீராய்வு மனு ஒன்று வந்தது. வயது எண்பது, ஐம்பது ஆண்டுத் தொழில், இதற்குமுன் புகார் எதுவும் இல்லை என்று சொல்லி, அதே இந்திய பார் கவுன்சில் தண்டனையை வெறும் கண்டிப்பாக மாற்றியது. உச்ச நீதிமன்றம் அந்தச் சீராய்வை ரத்து செய்து, நிரந்தர நீக்கத்தை மீண்டும் கொண்டுவந்தது.

ஐம்பது ஆண்டு அனுபவம் உள்ளவர் இதை எழுதுவது, நேற்று என்ரோல் ஆன இளைஞர் எழுதுவதைவிடக் கொடியது என்றே நான் எண்ணுகிறேன். சீனியர் எழுதினால் கட்சிக்காரர் நம்புவார். நீதிமன்றம் என்றாலே இப்படித்தான் என்று ஊரில் போய்ச் சொல்வார். அந்தச் சீராய்வில் சக வழக்கறிஞர்களின் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு மூத்தவரின் முதுமை. கடிதத்தைக் கையில் வைத்திருந்த மனிதர் தெரியவில்லை. நம்மை நாமே விசாரிக்கும்போது எப்போதும் வந்து நிற்கும் ஆபத்து இதுதான்.

ஃபீஸ் பாக்கிக்காகக் கட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்ளும் பழக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அப்படி ஓர் உரிமை வழக்கறிஞருக்குக் கிடையாது என்று 2000-ல், ஒரு கூட்டுறவு வங்கியின் கட்டுகள் தொடர்பான வழக்கில், நீதிபதி கே.டி. தாமஸ் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஃபீஸ் வரவில்லையென்றால் வழக்குப் போட்டு வாங்குங்கள். கட்டைக் கொடுத்துவிடுங்கள்.

2024 மே மாதம் இன்னொரு தீர்ப்பு வந்தது. வழக்கறிஞரின் பணி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம்மில் பலர் மகிழ்ந்தோம். நுகர்வோர் நீதிமன்றம் அடைபட்டபின், நஷ்ட ஈட்டுக்கு சிவில் வழக்குப் போட வசதியில்லாத கட்சிக்காரருக்கு மிஞ்சியிருப்பது பார் கவுன்சில் ஒன்றுதான். அதனால் நான் கேட்பவை சில. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் வழக்கறிஞர் அல்லாத ஒருவர் உட்கார வேண்டும். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் பொதுமக்களிலிருந்து ஒருவர் இருக்கிறார். அதனால் அங்கே தொழிலின் சுதந்திரம் போய்விடவில்லை. உத்தரவுகளை எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் அதிகாரத்தைக் குழுவுக்குச் சட்டத்திலேயே எழுதித்தர வேண்டும்.

சட்டத் திருத்தம் வரும்வரை காத்திராமல் இளைஞர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வேறொரு வழக்கறிஞரால் ஏமாற்றப்பட்டு நம் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தால், மிச்ச வழக்கை மட்டும் வாங்கிக்கொண்டு, அந்தப் பிராதை எழுதித்தர மறுத்துவிடுகிறோம். நாளைக்கு அதே பார் ரூமில் அந்த வழக்கறிஞரின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற தயக்கம். எழுதிக் கொடுங்கள். தேதிவாரியாக, கொடுத்த பணத்துக்கு ரசீது இருந்தால் இணைத்து, கையெழுத்தும் உறுதிமொழியும் வாங்கி எழுதிக் கொடுங்கள். இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி அந்த மனு மாநில மொழியிலேயே இருக்கலாம். டெல்லிக்குப் போகும்போது ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது மாநில பார் கவுன்சிலின் வேலை. நடுவில் சமரசம் ஆகிவிட்டது, மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று கட்சிக்காரரே சொன்னாலும் அதற்காக மட்டும் விசாரணையைக் கைவிட முடியாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன. மிரட்டிப் பணியவைக்கலாம் என்று நினைப்பவருக்கு இந்த விதி தெரியும். கட்சிக்காரருக்குத்தான் தெரியாது. மனுவில் கையெழுத்து வாங்கும் அன்றே அதையும் அவரிடம் தமிழில் சொல்லி அனுப்புங்கள்.