கண்ணழுத்த நோயும் காலக் கணக்கும்



மட்டாஞ்சேரிக் கடைத்தெரு மிளகுக்குப் பெயர் பெற்றது. 1957ஆம் ஆண்டில் இவ்வூரில் அமைந்த மிளகு வணிகர் சங்கம் நெடுங்காலம் முன்பேர வணிகம் நடத்தியது. வணிகம் அறிந்த எவரும் ஒரு நாள் விலையை மட்டும் கண்டு, சந்தையின் போக்கு இன்னதென்று முடிவு கட்டமாட்டார். சென்ற மாதத்து விலையையும் சென்ற ஆண்டு விலையையும் ஒப்பிட்ட பின்னரே வாய் திறப்பார். கண்ணைக் காப்பதிலும் இந்த விவேகம் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய், பார்வை நரம்பைச் சிறுகச் சிறுக அழிப்பது. பெரும்பாலோர்க்கு வலி இராது, கண்ணும் சிவக்காது. குறை பெரும்பாலும் நடுப்பார்வையை விட்டு விலகிய இடங்களில் தொடங்கும். ஒரு கண்ணின் குறையை மற்றொன்று ஈடுசெய்துவிடும். ஆதலின் நோயாளி அறியாமலே நோய் வளர்கிறது. இழந்த பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்க மட்டுமே இயலும். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நாற்பது வயது நிரம்பிய 5,150 பேரைச் சோதித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 2.6 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதுவரை தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள்.

கண்ணின் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். ஆயினும் 21ஐத் தாண்டியவர் எல்லாரும் நோயாளிகள் அல்லர்; தாண்டாதவர் எல்லாரும் தப்பியவர்களும் அல்லர். அமெரிக்காவில் அழுத்தம் மிகுந்தும் நரம்பு பழுதுறாத 1,636 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. ஐந்தாண்டுகளில் மருந்திடாதவருள் 100க்கு 9.5 பேரும், மருந்திட்டவருள் 4.4 பேரும் நோயுற்றனர். மருந்தின் பயன் இதனால் விளங்குகிறது. மருந்தின்றியும் பத்தில் ஒன்பது பேர் அக்காலத்துள் நோயுறவில்லை என்பதும் விளங்குகிறது. ஆகவே, “மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்று மருத்துவர் சொன்னால், அது அலட்சியம் அன்று. கண்காணிப்பும் ஒரு சிகிச்சை முறையே.

கண்காணிப்பில் ஒப்பிடப்படுவன மூன்று. முதலாவது, அழுத்தம். அது ஒரே நாளிலும் ஏறி இறங்கும். எனவே எந்நேரத்தில் அளந்தது என்பதும் குறிக்கப்பட வேண்டும். கருவிழிப் படலம் மெலிந்தவர்க்கு அளவு குறைத்துக் காட்டும். அதன் தடிமனையும் ஒரு முறை அளந்து வைப்பர். இரண்டாவது, பார்வை நரம்பின் தோற்றம். ஓ.சி.டி. என்னும் கருவி நரம்பிழைகளின் தடிமனை அளக்கிறது. வெவ்வேறு நிறுவனக் கருவிகளின் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தா. இயன்றவரை ஒரே வகைக் கருவியில் எடுப்பது நலம். மூன்றாவது, பார்வைப் பரப்புச் சோதனை. ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணுக்கு எட்டாத மங்கலான ஒளியையும் அக்கருவி வேண்டுமென்றே காட்டும். எல்லாம் தெரியவில்லையே என்று பதற வேண்டா. முதன்முறை பழக்கமின்மையால் பலர் தடுமாறுவர். அதனாலேயே திரும்பச் செய்வர். முறை விளங்காவிடில் தமிழில் கேட்டறிய நாணவும் வேண்டா.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. கொச்சிக்குத் தமிழர் புதியவர் அல்லர். டச்சுக்காரர் காலத்தில் வந்த சலவைத் தொழிலாளரின் வழிவந்தோர் இன்றும் ஃபோர்ட் கொச்சியில் தொழில் நடத்துகின்றனர். ஆயினும் நம்மில் பலர் பிழைப்பை இங்கும், திருவிழாவையும் திருமணத்தையும் சொந்த ஊரிலுமாக வைத்திருக்கிறோம். ஒரு முறை எறணாகுளத்தில் சோதனை, மறுமுறை திருநெல்வேலியில் சோதனை. பழைய தாள்களோ பரண்மேல்! ஒவ்வோர் ஊரிலும் முதற்பக்கத்திலிருந்தே தொடங்கும் நோயாளியின் கண்ணில் நேர்ந்த மாற்றத்தை எத்துணைத் திறமையான மருத்துவராலும் காண இயலாது. ஆதலின் எல்லாத் தாள்களையும் ஒரே உறையிலிட்டு, ரயில் பயணத்திலும் உடன் கொண்டு செல்லுங்கள்.

சொட்டு மருந்து தரப்பட்டால், பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று நிறுத்தலாகாது. அது பார்வையைக் கூட்டுவதற்கன்று, இருப்பதைக் காப்பதற்கு. ஆஸ்துமாவோ இருதய நோயோ இருப்பின் முன்னரே மருத்துவரிடம் கூறுங்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தாமே வாங்கி இடுவது அழுத்தத்தை உயர்த்தக்கூடும். திடீரென்று கண் கடுமையாக வலித்துச் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தோன்றி, குமட்டலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்னும் ஒன்று. இந்நோய் குடும்பத்தில் தொடர்வதுண்டு. உங்களுக்கு நோய் உறுதியானால், ஊரிலிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் அக்காள் தங்கைகளுக்கும் அதைத் தெரிவித்து, சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர்களும் இன்று நன்றாகவே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சோதிக்கத் தக்க காலம் அதுவே.