ஏற்றுவதற்கு உண்டு, இறக்குவதற்கு இல்லை



ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் என்று நம் தேனி மாவட்டத்துக்கு நான்கு எம்.எல்.ஏ.க்கள். குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒவ்வொருவர் ஓட்டுக்கும் மதிப்பு 176. ஆக, அந்த நாற்காலியில் ஒருவரை உட்கார வைக்க நாம் 704 போடுகிறோம்.

சரி, அவர் அரசியல் சட்டத்தை மீறினால்? நம் நால்வருக்கும் அங்கே வேலையே இல்லை. அவரைப் பதவிநீக்கும் 61-ஆவது பிரிவு முழுக்க நாடாளுமன்றத்தின் கையில். ஓர் அவையில் கால்வாசிப் பேர் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்தால்தான் குற்றச்சாட்டு நிற்கும். அடுத்த அவை விசாரித்து, அங்கும் அதே பங்கு சேர வேண்டும். இன்றுவரை யார் மீதும் இது பாய்ந்ததில்லை.

இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். நம் பண்ணைப்புரத்து இளையராஜா 2022 ஜூலையில் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அதே மாதம் குடியரசுத் தலைவர் தேர்தல்; நியமன உறுப்பினருக்கு அதில் ஓட்டு கிடையாது. பதவிநீக்கத் தீர்மானம் வந்தாலோ, இசைஞானி தாராளமாக ஓட்டுப் போடலாம்!

சிரிக்கிறீர்கள். ஆனால் 1976, 1980, 1988, 1991 என்று நான்கு தடவை அந்தக் குடியரசுத் தலைவர் கையெழுத்தில்தான் நம் மாநில ஆட்சி போனது. நான்காவது தடவை ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தே விட்டார். அறிக்கை இல்லாமலும் செய்யலாம் என்று, மாநில ஆட்சியைக் கலைக்கும் 356-ஆவது பிரிவில் ஒரு சந்து இருக்கிறதே, அதில் புகுந்து ஜனவரி 30-இல் கலைத்தார்கள். கையெழுத்திட்டவர் யார்? பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆர். வெங்கட்ராமன்! அமைச்சரவை சொன்னால் அவர் என்ன செய்வார் என்பீர்கள். 'மறுபடி யோசியுங்கள்' என்று ஒருமுறை திருப்பி அனுப்ப 44-ஆவது திருத்தம் இடம் கொடுத்திருந்ததே! 1997-இல் உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்னபோது கே.ஆர். நாராயணன் திருப்பி அனுப்பினார். டெல்லி பின்வாங்கியது.

அதற்கு முன்பே, 1994-இல், எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கடிவாளம் போட்டார்கள்: பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில் எண்ணு; நாடாளுமன்றம் ஒப்பும்வரை சட்டமன்றத்தைக் கலைக்காதே. கடிவாளம் நீதிமன்றம் போட்டது. ஆனால் குடியரசுத் தலைவரின் பதவிநீக்கத்தில் மாநிலத்துக்கு இன்றும் பங்கில்லை.

பங்கு வேண்டும் என்று கோட்டையில் தீர்மானம் போடச் சொல்லி நம் நால்வரையும் கேளுங்கள். கட்சி பார்க்காதீர்கள். 1976-இலும் 1991-இலும் அடி வாங்கியது தி.மு.க.; 1980-இலும் 1988-இலும் அ.தி.மு.க.